கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உறுப்பு தானம் பேசப் போகிறவர்களுக்கு

சாவு விழுந்த வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைப்பார். கண் தானம் கொடுக்கிற வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது அந்த ஃபேனைத்தான். காற்றில் கருவிழி காய்ந்துவிடும். இந்த ஒரு விஷயம் எங்கள் ஊர்ப் பெண்கள் மனசில் பதிய நான்கு வருஷம் ஆயிற்று. அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரே கூட்டத்தில் ஊரை மாற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. ஆந்திரச் சித்தூர் இல்லை, கள்ளுக்குப் பேர்போன எங்கள் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று வீட்டில் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசுகிற ஊர்கள். தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது தீராத நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் வண்டியில் வாலன்டியராகப் போகிறேன். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களின் வீடுகளுக்கே போவதால் சாவைப் பற்றிப் பேசுவது எனக்குப் பழகிவிட்டது. "டீச்சர், எங்க ஊர்லயும் இதைப் பேசோணும், எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?" என்று கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

1. மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

கண் தானம், உறுப்பு தானம், உடல் தானம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பேசப் போகிற உங்களுக்கே தெளிவில்லை என்றால் கேட்கிறவர் பாடு அதைவிட மோசம்.

வீட்டில் இயற்கையாக இறந்தவர் கொடுக்கக்கூடியது முக்கியமாகக் கண். கண் என்றாலும் பயன்படுவது முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழிதான். தோலையும் தரலாம், ஆனால் எடுக்க வருகிற குழு பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் 6 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். எடுத்த தோலைக் கிளிசராலில் போட்டு 5 வருஷம் வரைக்கும்கூட வைத்திருப்பார்கள். தீக்காயம் பட்டவருக்கு அதை மேலே போர்த்துவார்கள், ரத்த வகை பொருந்த வேண்டும் என்பதில்லை. கருவிழி, தோல் மாதிரியே எலும்பு, இதய வால்வு, தசைநார் இவையும் திசு தானம் என்பதில் சேரும்.

இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், குடல் இவை வேறு கணக்கு. அவற்றுக்கு ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரி ஐசியுவில், மூச்சுக்கு மிஷின் வைக்கிற வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளைச்சாவு உறுதியானவரிடமிருந்துதான் எடுக்க முடியும். பெரும்பாலும் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், மூளையில் ரத்தக் கசிவு ஆனவர்கள். வீட்டில் இறந்த தாத்தாவின் கிட்னியைக் கொடுக்கலாமா என்று பேரன் போன் செய்தால், கொடுக்க முடியாது, கண்ணைக் கொடுக்கலாம் என்று தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

உடல் தானம் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைக்கு. மாணவர்கள் படிப்பதற்கு. போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். கண்ணை மட்டும் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம்.

உயிரோடு இருக்கிறவர் சொந்தக்காரருக்குக் கிட்னி கொடுப்பது இதில் எதிலும் சேராது. அதைப் பற்றிக் கேட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். காசு வாங்கித் தருகிறேன் என்று யாராவது நடுவில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். உறுப்பை விற்பதற்கும் வாங்குவதற்கும் 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

2. உங்கள் வீட்டில் முதலில்

நோட்டோ என்கிற தேசிய அமைப்பின் இணையதளத்தில் ஆதாரை வைத்து உறுதிமொழி பதியலாம். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். எங்கள் பக்கம் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் கோயம்புத்தூரில் வேலை பார்த்த காலத்தில் எடுத்தது, அந்த சிம் எப்போதோ செத்துப்போயிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும். எந்தெந்த உறுப்பு, எந்தெந்தத் திசு என்று நீங்களே குறிக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெறலாம். காகிதத்தில் என்றால் படிவம் 7.

கேரளத்தில் பதிந்தால் தமிழ்நாட்டில் செல்லுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1994இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம்தான் இரண்டு பக்கமும் நடப்பில் இருக்கிறது. கேரளத்தில் 2012இல் மிருதசஞ்சீவனி என்ற பெயரில் தொடங்கிய வேலையை இப்போது கே-சோட்டோ என்கிற மாநில அமைப்பு பார்க்கிறது. தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான். நம் ஆள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாரோ அந்த மாநிலத்து அமைப்பு பொறுப்பெடுக்கும். பதிந்தவருக்குக் கிடைக்கிற கார்டில் எந்த ஊர் முகவரி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தென்மாநிலங்களுக்கான மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

ஆனால் ஒன்று. கார்டு பையில் இருந்தாலும், வீட்டார் வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரி கையை வைக்காது. கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி இவர்களைத்தான் சட்டம் நெருங்கிய உறவு என்கிறது. அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போடுகிற தாள் படிவம் 8. அதனால் நான் பதிவு செய்த நாளில் கார்டைப் பெட்டியில் பூட்டவில்லை. இரவு சாப்பாட்டின்போது மகனிடமும் மருமகளிடமும் சொன்னேன். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சோறு திங்கும்போது என்னம்மா பேச்சு இது" என்றான். மருமகள்தான் எந்த எண்ணுக்குக் கூப்பிடணும் என்று கேட்டாள். கையெழுத்துப் போடப் போகிறது இவள்தான் என்று மனசுக்குள் நினைத்தேன், பிறகுதான் சட்டத்தின் பட்டியலில் மருமகள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனிடம் மறுபடியும் பேசினேன்.

3. எண்களைத் திரட்டுங்கள்

நோட்டோவின் இலவச எண் 1800114770. கேரளத்தில் சுகாதாரத் துறையின் திசா உதவிக்கு 1056, தமிழ்நாட்டில் 104. கண் வங்கிக்கு உங்கள் ஊருக்குக் கிட்டத்தில் எது என்று நீங்களே விசாரிக்க வேண்டும். கோவையில் அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகளில் கண் வங்கி உண்டு. பாலக்காடு, திருச்சூர் பக்கத்தில் இருப்பதை மாவட்ட ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் கேளுங்கள். எண்ணை வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். "ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பீர்களா? எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வண்டி வருமா? வந்து சேர எவ்வளவு நேரம்?" இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் பகலில் வருகிறோம் என்பார்கள், சிலர் அந்தப் பக்கம் எங்களுக்கு இல்லை என்பார்கள். இதைச் சாவு வீட்டு வாசலில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது.

4. எங்கே பேசுவது, எந்த வார்த்தையில் பேசுவது

மைக் வைத்து, பேனர் கட்டி, பொன்னாடை போர்த்துகிற கூட்டத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அங்கே கைதட்டு விழும், கையெழுத்து விழாது. விழுகிற கையெழுத்தும் நிற்காது. முதல் வருஷம் நானே செய்த கூத்து இது. நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டேன். வாங்கி வந்த படிவம் முழுக்க மலையாளம். நாற்பது பேருக்குமேல் கையெழுத்துப் போட்டார்கள், பாதிப் பேர் ஏதோ பென்ஷன் தாள் என்று நினைத்துக்கொண்டு. அதில் ஒரு பெரியவர் இறந்தபோது நான் நம்பிக்கையோடு போனேன். அவர் மகன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கய்யனுக்கு மலையாளம் படிக்கவே தெரியாதுங்களே டீச்சர்" என்றார். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். அதற்கப்புறம் தமிழில் ஒரு தாள் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவையே வெளியே எடுக்கிறேன்.

இப்போது நான் போகிற இடங்கள் இரண்டு. குடும்பஸ்ரீ அயல்கூட்டம், அதாவது கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு. பத்து இருபது பெண்கள், யாராவது ஒருத்தி வீட்டுத் திண்ணை, கணக்குப் பார்த்து முடிந்த நேரம். இன்னொன்று தொழிலுறப்பு வேலை நடக்கிற இடம், வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலை என்பார்களே அதுதான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் தூக்குப்போசியைத் திறக்கிற நேரம் பேசினால் காதில் ஏறும். ஆண்களிடம் டீக்கடையில் பேசலாம், ஆனால் அங்கே பேச்சு ஐந்து நிமிஷத்தில் தேர்தலுக்குப் போய்விடும்.

வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் "மஸ்திஷ்க மரணம்" என்பார், "அவயவ தானம்" என்பார், "சம்மதபத்ரம்" நீட்டுவார். கோவையில் "மூளைச்சாவு", "உறுப்பு தானம்", "ஒப்புதல் படிவம்". நம் ஆட்கள் இரண்டு பக்கமும் போகிறவர்கள். இரண்டு வார்த்தையும் ஒன்றுதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், மூளைச்சாவு என்ற வார்த்தையே. கேட்கிறவர் காதில் அது "மூளை மட்டும் செத்துப்போச்சு, ஆள் இருக்காரு" என்று விழுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? நான் இப்படிச் சொல்கிறேன்: மூச்சு விடச் சொல்கிற இடம் மூளைத்தண்டு. அது செத்தால் ஆள் செத்துவிட்டார். மிஷின் காற்றைத் தள்ளுவதால் இதயம் கொஞ்ச நேரம் தானாக ஓடுகிறது. மிஷினை நிறுத்தினால் நின்றுவிடும். கோமா வேறு. கோமாவில் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும், எழுந்து வந்தவர்கள் உண்டு. மூளைச்சாவிலிருந்து எழுந்து வந்தவர் இல்லை. "மூளை செத்துடுச்சு" என்று சொல்லாதீர்கள். "இறந்துட்டார்" என்றே சொல்லுங்கள்.

இன்னொரு சொந்த அபிப்பிராயம். கண் தானக் கூட்டம் என்றால் யாராவது கண்ணப்ப நாயனாரைக் கொண்டுவராமல் இருப்பதில்லை. நான் சொல்வதில்லை. அவர் உயிரோடு அம்பால் பெயர்த்து அப்பினார். அதைக் கேட்கிற ஆத்தாமார் மனசில் ரத்தம்தான் நிற்கும். நமக்குச் சொல்ல வேண்டியது, இறந்த பிறகு, கால் மணி இருபது நிமிஷத்தில், முகம் கெடாமல் முடிகிற வேலை என்று.

5. திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

"கண்ணாடி போட்டிருக்கேன், சர்க்கரை இருக்குது, கண்புரை ஆபரேஷன் பண்ணியிருக்குது, என் கண்ணு ஆகுமா?" ஆகும். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, வெறிநாய்க் கடி நோய், ரத்தத்தில் கிருமி பரவிய நிலை, ரத்தப் புற்றுநோய் இவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். முடிவு டாக்டருடையது, நீங்கள் வீட்டிலேயே தள்ளிவிடாதீர்கள்.

"அடுத்த பிறவியில குருடாப் பொறப்பேனா?" சிரிக்காதீர்கள். நான் எதிர்க்கேள்வி கேட்பேன், "எரிச்சா மட்டும் கண்ணு மிச்சம் இருக்குமா ஆத்தா?" என்று. பெரும்பாலும் அவர்களே சிரித்துவிடுவார்கள். ராவுத்தர் குடும்பங்களில் கேட்டால், 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளோடு அனுமதித்திருப்பதைச் சொல்லி, மேற்கொண்டு அவர்கள் ஜமாத்திலேயே கேட்டுக்கொள்ளச் சொல்வேன். கிறிஸ்தவர்களிடம் 2000இல் போப் இரண்டாம் ஜான் பால் இதை அன்பின் செயல் என்று பாராட்டியதைச் சொல்லலாம். மார்க்கத்தில் நாம் தீர்ப்புச் சொல்லப் போகக் கூடாது.

"என் பேத்திக்குப் பொறவியிலேயே கண்ணு தெரியாது, மாத்தினா வருமா?" இந்தக் கேள்விதான் கஷ்டம். கருவிழி கெட்டதால் பார்வை போனவருக்கு மட்டுமே பயன். நரம்பு, விழித்திரை கோளாறுக்கு ஆகாது. வாக்குக் கொடுக்காதீர்கள். கண் டாக்டரிடம் அனுப்புங்கள்.

"பணக்காரனுக்குத்தானே போவும்?" உறுப்புகள் மாநிலக் காத்திருப்போர் பட்டியல்படி, ரத்த வகை, உடல்நிலை, வரிசை பார்த்துப் போகும். 2023இல் மத்திய அரசு சொந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும், 65 வயது வரம்பையும், பதிவுக் கட்டணத்தையும் எடுத்துவிடச் சொன்னது. வண்ணாமடைக்காரர் கோவையிலும் பதியலாம் என்பதால் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

"கலெக்டர் வந்து மாலை போடுவாராமே?" 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதை செய்வது தமிழ்நாடு அரசின் ஏற்பாடு. அங்கே செப்டம்பர் 23 உறுப்பு தான நாள். 2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் போன தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு போனது. வயது பதினைந்து, அந்தப் பையனுக்கு. இந்தக் கதையை மட்டும் நான் விடுவதில்லை.

6. சாவு வீட்டில்

போன் வந்தால் முதலில் கேளுங்கள்: எத்தனை மணிக்கு? போலீஸ் கேஸா? பிறகு இதைச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்தணும். ஏசி இருந்தால் ஓடட்டும். இரண்டு இமையையும் மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வைக்கணும். தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்தணும். இறப்பை உறுதி செய்த டாக்டரின் தாள் இருந்தால் எடுத்து வைக்கணும். கண் வங்கிக்குக் குடும்பத்து ஆளே பேசினால் நல்லது.

போன கோடையில் ஒரு வீடு. கடலைக்காட்டுக்காரர், எண்பது வயது. நான் போகும்போது கூடத்தில் நல்ல புழுக்கம். ஃபேன் நின்றிருந்தது. பத்தாவது படிக்கிற பேத்தி சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். யார் எழுந்து வந்தாலும் "போடாதீங்க, அப்பிச்சி கண்ணு குடுக்கோணும்" என்கிறாள். ஒரு பெரியப்பா சத்தம் போட்டார், பொம்பளைகள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். அவள் நகரவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பெட்டி. அறையில் குடும்பத்து ஆள் ஒருவர் நிற்கலாம் என்றார்கள். கையெழுத்து, இரண்டு சாட்சி. அதன் பிறகு கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள், உடனே வாசலில் சலசலப்பு. "கண்ணுன்னுதான சொன்னீங்க, ரத்தம் எதுக்கு?" கிருமி பரிசோதனைக்கு. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், நான் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள். எடுத்து முடித்துக் கதவைத் திறந்தபோது பெரியப்பாதான் முதலில் போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தார். இமை மூடியிருந்தது, தூங்குகிற மாதிரிதான். ஒன்றும் சொல்லாமல் வந்து ஃபேனைப் போட்டார்.

விபத்து, தற்கொலை, பாம்புக்கடி என்றால் போலீசும் போஸ்ட்மார்ட்டமும் உண்டு. அப்போதும் கொடுக்க வழியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்து, போலீஸ் சம்மதத்தோடு. உறுப்பு தானத்துக்காக இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்துவிட்டது. விடியும் வரை காத்திருக்கச் சொன்னால் இதைப் பணிவாக நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.

7. ஐசியு வாசலில் நீங்கள் பேசாதீர்கள்

ஊரில் யாருக்காவது தலையில் அடிபட்டு ஐசியுவில் இருக்கிறார் என்றால், தானம் என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். பிழைக்குமா என்று தவிக்கிற தாயிடம் அதைச் சொன்னால், நீங்கள் ஊரில் அதற்கப்புறம் பேச முடியாது. அங்கே அதற்கென்று டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் இருப்பார். குடும்பமே கேட்டால் அவரிடம் அழைத்துப் போங்கள்.

கேட்டால் விளக்க இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். 4 டாக்டர்கள் சேர்ந்து சோதிப்பார்கள். அவர்களில் யாரும் உறுப்பு மாற்றுகிற குழுவில் இருக்கக் கூடாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை. வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பது அதில் ஒன்று. இரண்டாவது தடவையும் இல்லையென்றால்தான் படிவம் 10, அதாவது மூளைச்சாவுச் சான்று. பிறகு குடும்பம் சம்மதித்தால், கையெழுத்திலிருந்து உடல் கைக்கு வர ஒரு நாள்கூட ஆகலாம். இதயத்துக்கு 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும், கிட்னிக்கு ஒரு நாளுக்கு மேல். அதனால்தான் ரோட்டை ஒதுக்கி ஆம்புலன்ஸ் பறக்கிறது. சம்மதத்துக்குப் பிறகு உறுப்புகளைப் பாதுகாக்கிற செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. யாருக்குப் போனது என்று பெயர் சொல்ல மாட்டார்கள்.

வேண்டாம் என்று குடும்பம் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

8. வருஷத்துக்கு ஒருமுறை

எண்களைத் துண்டுத்தாளில் கொடுத்தால் தொலைந்துவிடும். நான் கெட்டி அட்டையில் எழுதி, கேஸ் புக்கிங் எண் ஒட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடச் சொல்கிறேன். பெரும்பாலும் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால். மேலே "ஃபேனை நிறுத்து" என்று பெரிய எழுத்தில். கீழே இரண்டு எண், பாலக்காட்டுப் பக்கத்தில் ஒன்று, கோவைப் பக்கத்தில் ஒன்று.

புதுக் காலண்டர் மாட்டுகிற வாரத்தில் அந்த எண்களை ஒருமுறை அடித்துப் பாருங்கள். போன ஜனவரியில் ஒன்று எடுக்கவே இல்லை. மூன்று நாள் அடித்துப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டேன். வேறொன்று விசாரித்து வாங்கி, ஸ்கெட்ச் பேனாவோடு வீடு வீடாகப் போய் அட்டையில் மாற்றி எழுதினேன். இருபத்தேழு வீடு. மூன்று வீட்டில் அட்டை இருந்த இடத்தில் சாமி படம் இருந்தது, அங்கே புதிதாக ஒட்டிவிட்டு வந்தேன்.